எடை குறைந்த கார்ட்லெஸ் ஸ்டிக் வாக்யூம்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

கீழே தரையைத் தொடும் தலை, நடுவில் நீளக் குழாய், மேலே பிடியும் பேட்டரியும். வயர் கிடையாது. சுவரில் மாட்டி வைத்து, வேண்டும்போது எடுத்து, சிந்தியதை இழுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். இந்தச் சட்டென்று முடிகிற வேலைக்கு எந்த மாடல் பொருந்தும் என்பதைத்தான் இங்கே பேசுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் இழுவை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எவ்வளவு கனக்கிறது, நடுத்தர மோடில் எப்படி இழுக்கிறது என்ற இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

துடைப்பம் இருக்கும்போது இது எதற்கு?

துடைப்பத்தால் ஆகிற வேலைக்குத் துடைப்பமே போதும். ஆனால் நுண்ணிய தூசியைப் பெருக்கும்போது பாதி காற்றில் எழும்பி, கொஞ்ச நேரத்தில் மறுபடி மேசை மேலும் அலமாரி மேலும் வந்து உட்காரும். வாக்யூம் அதை எழும்ப விடாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சோபா இடுக்கு, மாடிப்படி ஓரம், ஜன்னல் சட்டத்தின் பள்ளம், காரின் சீட் அடி என்று துடைப்பம் நுழையாத இடங்களும் உண்டு. குனிந்து அள்ள வேண்டியதில்லை என்பது முதுகுவலி உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

வயருள்ள பெரிய வாக்யூமுக்கு இது ஈடாகுமா?

டைல்ஸ், மரத்தரை போன்ற கெட்டித் தரைக்கு ஏறக்குறைய ஈடாகும். தடித்த கார்பெட் விரித்த வீட்டை ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமென்றால் எடை குறைந்த ஸ்டிக் திணறும். 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய முதல் மோட்டார் வாக்யூமைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டுச் சுத்தம் செய்தார்கள். அங்கிருந்து இந்தத் துறை ஒரு கையில் தூக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. 2018இல் வி10 என்ற கார்ட்லெஸ் ஸ்டிக் மாடலை வெளியிட்டபோது, இனி வயருள்ள வாக்யூம்களை உருவாக்கப் போவதில்லை என்று டைசன் நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு தூரம் வந்திருந்தாலும், பேட்டரியில் ஓடும் எந்த இயந்திரத்துக்கும் அளவான தீனிதான் கிடைக்கிறது. அந்த அளவுக்குள் அது என்ன செய்கிறது என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம்.

எத்தனை கிலோ இருந்தால் 'எடை குறைந்தது' எனலாம்?

இதற்கென்று யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. சந்தையில் ஸ்டிக் வாக்யூம்கள் பொதுவாக 1 கிலோவிலிருந்து 3 கிலோவுக்குச் சற்று மேல் வரை இருக்கின்றன. டைசனின் பெரிய மாடல்களில் ஒன்றான வி15 சுமார் 3 கிலோ. அதே நிறுவனத்தின் மெலிந்த வி12 அதைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. மகிடா நிறுவனத்தின் எளிமையான சிறிய மாடல்கள் 1 முதல் 1.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். அவற்றின் தலையில் சுழலும் பிரஷ் கிடையாது. 2 கிலோவுக்கு உள்ளே இருந்தால் நான் அதை எடை குறைந்தது என்பேன். 2.5ஐத் தாண்டினால் அது தினசரிக் கைச்சாமான் என்ற நிலையைக் கடந்துவிடுகிறது.

ஆனால் மொத்த எடை பாதிக் கதைதான். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் மோட்டார், பேட்டரி, தூசி டப்பா மூன்றும் கைப்பிடியோடு சேர்ந்து மேலே இருக்கும். தரையில் உருட்டும்போது ஒரு பகுதி எடையைத் தலையும் குழாயும் தாங்கிக்கொள்கின்றன. மணிக்கட்டில் விழுவது மீதி. குழாயைக் கழற்றிவிட்டு அலமாரி உச்சியைச் சுத்தம் செய்யத் தூக்கினால் முழுப் பாரமும் கைக்கு வந்துவிடும். 2.2 கிலோ மாடல் ஒன்று கைக்குப் பாந்தமாக இருக்கும்; 1.9 கிலோ மாடல் இன்னொன்று முன்பக்கம் இழுத்து மணிக்கட்டை வலிக்க வைக்கும். பேட்டரி பிடிக்குக் கீழேயும் மோட்டார் பிடிக்கு முன்னேயும் இருந்து, இரண்டும் தராசு போல ஒன்றையொன்று சமன் செய்கிறதா என்பதுதான் விஷயம்.

கடையில் கையில் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால், தரையில் உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். குழாயோடு சேர்த்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மணிக்கட்டு நடுங்கத் தொடங்கினால் வீட்டில் அந்த வாக்யூம் ஒட்டடை அடிக்கப் போவதில்லை. வீட்டில் வயதானவரோ, மூட்டுவலி உள்ளவரோ பயன்படுத்தப் போகிறார் என்றால் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். இதில் அடுத்தவர் அபிப்பிராயம் உதவாது.

மோட்டார் கீழே இருக்கும் மாடல்கள் நல்லவையா?

கை நோகாமல் தரையை மட்டும் பெருக்க அவை நல்லவை. பாரம் தரையிலேயே நின்றுவிடுகிறது. பலவற்றைச் சுவரில் சாய்க்காமலே தனியாக நிறுத்தி வைக்கலாம். மோட்டார் மேலே உள்ளவை பெரும்பாலும் தானாக நிற்காது. பாதி வேலையில் கீழே வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். கீழே மோட்டார் இருப்பதன் குறை, தாழ்வான கட்டிலுக்கு அடியில் நுழையாது, உயரத்தில் உள்ளதைத் தொடாது என்பது.

பாஸ்கல், ஏர் வாட், வாட்: எந்த எண்ணை நம்புவது?

மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். வாட் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைச் சொல்கிறது. நிறையத் தின்பதால் மட்டும் நன்றாக இழுக்கும் என்று சொல்ல முடியாது.

பாஸ்கல் என்பது உறிஞ்சும் அழுத்தம். 1,000 பாஸ்கல் சேர்ந்தால் 1 கிலோபாஸ்கல். '25,000 பாஸ்கல்' என்று விளம்பரத்தில் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் இந்த அழுத்தம் உச்சத்தைத் தொடுவது காற்று நுழையும் வாயை முழுதாக அடைத்திருக்கும்போது. அந்த நேரத்தில் உள்ளே காற்றே போவதில்லை. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. காற்று ஓடவில்லை என்றால் தூசியும் நகராது. தரையில் வைத்து இழுக்கும்போது கிடைக்கும் அழுத்தம் அந்த எண்ணைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும்.

ஏர் வாட் ஓரளவு நேர்மையான அளவு. அழுத்தத்தையும் காற்றின் ஓட்டத்தையும் பெருக்கிக் கணக்கிடுவது என்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்றிக் காட்டி ஏமாற்ற முடியாது. இரண்டு மாடல்களுக்கும் ஏர் வாட் கொடுத்திருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றுக்குப் பாஸ்கலும் இன்னொன்றுக்கு ஏர் வாட்டும் கொடுத்திருந்தால் ஒப்பிட வழியில்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்குப் போட்டு எடுக்கவும் முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அச்சடித்திருக்கும் எண் எப்போதும் உச்ச மோடுக்கானது. தினமும் நீங்கள் ஓட்டப்போவது நடு மோடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

60 நிமிடம் ஓடும் என்றார்கள், 10 நிமிடத்தில் நின்றுவிடுகிறதே?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 60 நிமிடம் என்பது பெரும்பாலும் மிகக் குறைந்த மோடில், அதுவும் மோட்டார் இல்லாத சாதாரண முனையை மாட்டி அளந்தது. சுழலும் பிரஷ் உள்ள தலையை மாட்டினால் அந்தப் பிரஷைச் சுற்றவும் அதே பேட்டரிதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். உச்ச மோடுக்குப் போனால் நேரம் மளமளவென்று சரியும்.

இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் மேல் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் எழுதியிருக்கும். 21.6 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்று வையுங்கள். பெருக்கினால் 54 வாட்-மணி. மோட்டார் 400 வாட் இழுத்தால் 8 நிமிடம் வரும். 150 வாட் இழுத்தால் 21 நிமிடம் போல. 80 வாட்டில் 40 நிமிடம். பேட்டரி ஒன்றுதான், எந்த வேகத்தில் செலவழிக்கிறோம் என்பதுதான் வேறு. ஆகவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது வாட்-மணியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மில்லி ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்தால், வோல்ட் வேறாக இருக்கும்போது கணக்கு தப்பிவிடும்.

அவசரத் துப்புரவுக்கு நடு மோடில், பிரஷ் சுற்றிக்கொண்டிருக்க, 15 முதல் 20 நிமிடம் கிடைத்தால் தாராளம். ஓர் அறையை இழுக்க ஐந்து நிமிடம் ஆவதே அதிகம். பெரிய பேட்டரிக்கு ஆசைப்பட்டால் எடையில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்களில் பரவலான 18650 வகை ஒவ்வொன்றும் 45 கிராமுக்கு மேல். அதைவிடப் பெரிய 21700 வகை சுமார் 70 கிராம். ஆறேழு செல்கள், அவற்றின் உறை, சர்க்யூட் எல்லாம் சேரும்போது மொத்த எடையில் கணிசமான பங்கு பேட்டரியுடையதாகிவிடும். நெடுநேரம் ஓடும் மாடல்கள் கனமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வோல்ட் அதிகமென்றால் சக்தியும் அதிகமா?

தனியாக வோல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு லித்தியம் செல் சுமார் 3.6 வோல்ட், ஆறு செல்களை வரிசையாக இணைத்தால் 21.6, ஏழென்றால் 25.2. வோல்ட்டை வைத்து உள்ளே வரிசையில் எத்தனை செல் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே.

தரைக்கு ஏற்ற தலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஆனால் யாரும் முதலில் இதைக் கேட்பதில்லை. மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தரையைத் தொடுவது தலை. அது சரியில்லை என்றால் முதலுக்கே மோசம்.

கெட்டித் தரைக்கு மென்மையான துணி உருளை உள்ள தலை மிக நன்றாக வேலை செய்யும். வெல்வெட் போன்ற பஞ்சு சுற்றிய உருளை தரையை அணைத்தபடி சுற்றி, ஒட்டியிருக்கும் மெல்லிய தூசியையும் துடைத்தெடுத்து உள்ளே அனுப்பும். அதன் முன்பக்கம் திறந்திருப்பதால் பெரிய துகள்களும் சிக்கலில்லாமல் நுழையும். கார்பெட்டுக்கு இது உதவாது. அதற்கு நாரிழைகளுக்கு நடுவே புகுந்து தட்டியெடுக்கும் கெட்டி முடி உருளை வேண்டும். அந்தக் கெட்டி முடி உருளையைக் கெட்டித் தரையில் ஓட்டினாலோ, துகள்களைப் பின்னால் விசிறியடிக்கும். காலில் வந்து படும்.

இரண்டு வகைத் தரையும் உள்ள வீட்டுக்கு, துணிப் பட்டையும் முடி வரிசையும் மாறி மாறி வரும் கலப்பு உருளை ஒன்று போதும். அவசர வேலைக்குத் தலையை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. தலை எளிதாகத் திரும்புகிறதா, குழாயைத் தரையோடு தரையாகத் தாழ்த்தினால் தலை தூக்கிக்கொள்ளாமல் படிந்தே இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரு சின்னப் பரிசோதனை: உளுந்து அளவுள்ள துகள்கள் கொஞ்சத்தைத் தரையில் கொட்டி, தலையை மெதுவாக முன்னே தள்ளுங்கள். நல்ல தலை அவற்றை விழுங்கிக்கொண்டு போகும். முன்விளிம்பு தாழ்வாக உள்ள தலை அவற்றை உள்ளே எடுக்காமல் முன்னாலேயே தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி வைத்து இழுக்க வேண்டியிருக்கும். அடுத்து, சுவர் ஓரமாக ஒட்டி இழுத்துவிட்டு எவ்வளவு அகலத்துக்குத் தூசிக் கோடு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். விரல் அகலத்துக்கு மேல் மிச்சமிருந்தால் ஓரங்களுக்குத் தனியாக இடுக்கு முனையை மாட்ட வேண்டிவரும்.

தலையில் விளக்கு இருப்பது வெறும் அலங்காரமா?

இல்லை. தாழ்வாக, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மெல்லிய தூசிக்கும் நிழல் விழுவதால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கட்டிலுக்கு அடியில் அருமையாக உதவும். கறுப்புத் தரையைவிட வெளிர் தரை உள்ளவர்களுக்கே இது அதிகம் தேவை, ஏனென்றால் வெளிர் தரையில் தூசி கண்ணை ஏமாற்றிவிடும்.

நீள முடி சுற்றிக்கொள்கிறதே, என்ன செய்வது?

கொஞ்சமாவது சுற்றத்தான் செய்யும். கூம்பு வடிவ உருளை முடியை ஒரு பக்கமாக ஒதுக்கி உறிஞ்சு வாய்க்குத் தள்ளிவிடும்; சில மாடல்களில் உருளையை உரசி நிற்கும் சீப்புப் பற்கள் முடியைப் பிரித்துவிடும். இரண்டுமே நன்றாக உதவுகின்றன, முழுதாகத் தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற நடுப்பகுதியைவிட உருளையின் இரண்டு முனைகளைக் கவனியுங்கள். அங்கே பேரிங்கை ஒட்டி முடி இறுகிச் சுற்றி, கடைசியில் வளையம்போல் கெட்டியாகிவிடும். உருளை சூடேறுவது, கீச்சென்று சத்தம் போடுவது, நடுவில் நின்று நின்று சுற்றுவது எல்லாம் இதன் அறிகுறிகள். உருளையை வெளியே எடுத்து, கத்தரிக்கோல் முனையை அதன் பள்ளம் வழியே ஓட்டி முடியை வெட்டிவிட்டு, முனைகளில் இருப்பதைக் கையால் உருவி எடுங்கள். வாங்கும்போதே ஒன்று கேட்டுவிடுங்கள்: உருளையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமா, விரலாலேயே கழலுமா? விரலால் கழலாவிட்டால் யாரும் அதைச் சுத்தம் செய்வதில்லை.

விரலால் அழுத்திப் பிடிக்கும் விசையா, ஒருமுறை அழுத்தும் பட்டனா?

பட்டன். அழுத்திப் பிடிக்கும் விசை விட்டு விட்டு ஓட்டும்போது பேட்டரியை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் விரல்வலி உள்ளவர்களால் அதைத் தொடர்ந்து பிடிக்கவே முடியாது.

தூசி டப்பா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

எடை குறைந்த மாடல்களில் அரை லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்களுக்கு அது போதும். அளவைவிட, எப்படிக் காலியாகிறது என்பதைப் பாருங்கள். அடிமூடி முழுதாகத் திறந்து எல்லாம் ஒரேயடியாகக் கீழே விழ வேண்டும். பல மாடல்களில் நடுவில் உள்ள வலையைச் சுற்றி முடியும் பஞ்சுத்தூசியும் பாய்போல் படிந்து, மூடியைத் திறந்தாலும் விழாமல் தொங்கும். விரலை விட்டுக் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கும். தூசியில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பெரிய தொல்லை. அவர்கள் டப்பாவைப் பெரிய பைக்குள் இறக்கி, மெதுவாகத் திறப்பது நல்லது. தானாகக் காலி செய்துகொள்ளும் நிலையத்தோடு வரும் மாடல்களும் உண்டு. வசதியானவைதான், ஆனால் இடத்தை அடைக்கும், சத்தமும் போடும். அதற்குள் பை இருந்தால் அதையும் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஹெப்பா ஃபில்டர் அவசியமா?

ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருக்கும் வீட்டுக்கு வேண்டும். அமெரிக்க வழக்கப்படி, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் ஹெப்பா. ஐரோப்பிய வகைப்பாட்டில் எச்13 என்றால் 99.95 சதவீதம். 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்ற' என்றெல்லாம் எழுதியிருந்தால் அந்தத் தரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உடம்பின் இணைப்புகள் வழியே காற்று கசிந்தால் தூசியும் அந்த வழியே வெளியேறும். அதனால் ஃபில்டரை மட்டும் சொல்லாமல், இயந்திரம் முழுதும் கசிவில்லாமல் அடைக்கப்பட்டது என்று சொல்லும் மாடலைத் தேடுங்கள். ஒவ்வாமை இல்லாத வீட்டில் கழுவக்கூடிய சாதாரண ஃபில்டரே போதுமானது.

ஃபில்டரை எப்படிக் கழுவுவது?

கழுவலாம் என்று கையேட்டில் போட்டிருந்தால் மட்டும், குளிர்ந்த தண்ணீரில், சோப்பு போடாமல். குழாய்க்கு அடியில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வரும், அப்புறம் தெளியும். தெளிந்த பிறகு மெதுவாக உதறுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். பிறகுதான் முக்கியமான வேலை: காய வைப்பது. காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 24 மணி நேரம், மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகலாம். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். மடிப்புக்குள் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு ஓட்டினால் உள்ளே போகும் தூசி சேறாகி மடிப்புகளை அடைத்துவிடும், ஓட்டும்போதெல்லாம் நனைந்த நாய் வாடை அடிக்கும், ஈரக்காற்று மோட்டாருக்கும் போகும். ஹேர் டிரையர், அடுப்பு, ஹீட்டர் எதையும் பயன்படுத்தாதீர்கள், சட்டம் வளைந்துவிடும். முடிந்தால் உபரியாக இன்னொரு ஃபில்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காயும்போது மற்றது ஓடும்.

நின்று நின்று துடித்து ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. காற்று வழி அடைபட்டிருப்பதை உணர்ந்து இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்கிறது. தலையைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். சரியானால் அடைப்பு தலையில். சரியாகவில்லை என்றால் குழாயையும் கழற்றிப் பாருங்கள். குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தால் ஃபில்டர்தான். இத்தனைக்குப் பிறகும் துடித்தால்தான் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதையெல்லாம் இழுக்கக் கூடாது?

ஈரம் கூடாது, சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்துவிடுங்கள். நீறு பூத்த தணலோ சூடான சாம்பலோ கூடவே கூடாது, உள்ளே உள்ள தூசி தீப்பற்றிவிடும். சுவர் துளையிட்ட சிமெண்ட் தூள், ஜிப்சம் தூள் போன்றவை மிக நுண்ணியவை. ஒரே முறையில் ஃபில்டரை அடைத்துப் போடும். உடைந்த கண்ணாடியின் பெரிய துண்டுகளைப் பெருக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டப்பாவும் உருளையும் கீறிப்போகும்.

சத்தம் எப்படி?

நடு மோடில் 70 டெசிபலைச் சுற்றியும் உச்ச மோடில் 80ஐ ஒட்டியும் எதிர்பார்க்கலாம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அந்தக் கீச்சு ஒலி பிடிக்காத பூனையோ கைக்குழந்தையோ இருந்தால் கடையிலேயே ஓட்டிக் கேட்டுவிடுங்கள். இதை எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது.

எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைக்கலாமா?

சுவர்ச் சட்டத்தோடு விற்பதே அதற்காகத்தான். நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற பழக்கம், பழைய கையடக்க வாக்யூம்களில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகளோடு வந்தது. லித்தியத்துக்கு அது தேவையில்லை. பாதியில் சார்ஜ் போட்டாலும் கெடாது. லித்தியத்துக்கு எதிரி சூடு. வெயில் விழும் சுவர், அடுப்பு பக்கம், பூட்டிய கார் இங்கெல்லாம் வைக்காதீர்கள். உச்ச மோடில் ஓட்டி முடித்ததும் பேட்டரி சூடாக இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு மாட்டினால் ஆயுள் கூடும். மாதக்கணக்கில் வெளியூர் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் கழற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

மாட்டும் இடத்தையும் யோசியுங்கள். எந்த அறையில் அதிகம் சிந்துகிறதோ அதற்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள். அலமாரிக்குள் பூட்டி வைத்த ஸ்டிக் வாக்யூமை எடுத்து வருவதற்குள் துடைப்பமே வேலையை முடித்துவிடும்.

பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும்?

லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை தாங்கி, அதன்பின் கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். முழுச் சார்ஜ் என்பது இங்கே கணக்குக்குத்தான். இரண்டு முறை பாதி பாதியாகச் செலவழித்தால் ஒன்று. தினமும் சில நிமிடம் ஓட்டுபவருக்கு மூன்று, நான்கு வருடம் எளிதாக வரும். தினமும் உச்ச மோடில் தீரும்வரை ஓட்டுபவருக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம்.

அதனால் பேட்டரி கழற்றக்கூடியதா என்பதை வாங்கும் முன் கட்டாயம் பாருங்கள். உள்ளே வைத்து மூடிய மாடலில் பேட்டரி போனால் இயந்திரமே போன மாதிரி. கழற்றக்கூடியதாக இருந்தாலும், மாற்று பேட்டரி தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று இன்றே விசாரியுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பேட்டரிகளைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் சரியில்லாத பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. வீட்டுச் சுவரில் ராத்திரி முழுக்கச் சார்ஜில் தொங்கப்போகிற பொருள் இது.

துணை முனைகள் நிறைய இருந்தால் நல்லதா?

மூன்று போதும்: இடுக்கு முனை, மென்முடி பிரஷ், சோபாவுக்கான சிறிய சுழல் தலை. மற்றவை பெட்டியிலேயே கிடக்கும்.

ரோபோ வாக்யூம் இருக்கிறது. இதுவும் வேண்டுமா?

ரோபோ தரையைத் தினமும் பார்த்துக்கொள்ளும். படிக்கட்டு, சோபா, அலமாரி, இப்போதுதான் சிந்தியது ஆகியவற்றைப் பார்க்காது. அந்த வீட்டுக்கு 1.5 கிலோவைச் சுற்றியுள்ள சிறிய ஸ்டிக் ஒன்றே தாராளம். பெரிய மாடல் தேவையில்லை.

துடைக்கவும் செய்யும் ஈர மாடல் வாங்கலாமா?

இழுத்துக்கொண்டே கழுவித் துடைக்கும் இயந்திரங்கள் 4, 5 கிலோவுக்குப் போய்விடும். ஓட்டி முடித்ததும் அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, உருளையைக் கழுவிக் காய வைக்காவிட்டால் நாறும். வாரம் ஒருமுறை முழு வீட்டுக்கு நல்ல கருவி. தினசரி இரண்டு நிமிட வேலைக்கு ஒத்துவராது. சாதாரண ஸ்டிக்கின் பின்னால் ஒட்டும் ஈரத்துணிப் பட்டை மெல்லிய தூசியைத் துடைக்கும். பிசுபிசுத்துக் காய்ந்த கறையை எடுக்காது.

இரண்டு மாடலுக்கு நடுவே முடிவு செய்ய முடியவில்லை. எதை வைத்துத் தீர்மானிப்பது?

முதலில் உங்கள் தரை எது என்று பார்த்து, தலை பொருந்தாததைத் தள்ளிவிடுங்கள். அடுத்து, பேட்டரி கழலாததைத் தள்ளுங்கள். மிஞ்சியதில் கைக்கு லேசானதை எடுங்கள், அதன் இழுவை எண் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கார்பெட் நிறைந்த வீடு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே சுழல் தலையின் பலமும் காற்றோட்டமும் முதலில் வரும், எடையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கும்போது லித்தியம் செல் தீப்பிடிக்கும். அது அணைக்கக் கடினமான தீ. உலோக முனைகளின் மேல் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்திலோ, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடையிலோ கொடுங்கள். உப்பியிருந்தால், கசிந்திருந்தால், கீழே விழுந்து பிளந்திருந்தால் அதை மறுபடி சார்ஜில் மாட்டவே கூடாது. கொடுக்கும் வரை எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாதபடி தனியாக வைத்திருங்கள்.